உப்புமா அல்ல, உப்பு மா

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், குருநகர் முன்பள்ளிக்குச் சென்றுவரும் பழைய மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

நூறு வருடக் கதையைச் சொல்ல எங்களைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். எங்களிடம் கேட்கப்பட்டது சின்ன விடயம். "சனிக்கிழமைகளில் குருநகரில் சின்னப் பிள்ளைகளோடு மாக் குழைத்து ஏதோ செய்கிறீர்களாமே, அதைப்பற்றி ஒரு இருபது நிமிடம் சொல்லுங்கோ" என்றார் செயலாளர். மாக் குழைப்பதைப்பற்றி இருபது நிமிடம் பேசுவதா என்று முதலில் தயங்கினோம். எழுதத் தொடங்கியபின் இருபது நிமிடத்துக்குள் அடக்குவதுதான் பாடாகிவிட்டது.

நாங்கள் நால்வர். இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒருவர் தாதியாக இருந்தவர், ஒருவர் வங்கியில் இருந்தவர். நாங்கள் போகும் முன்பள்ளி குருநகரில், எங்கள் அம்மம்மாமார் கரையூர் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த அதே ஊரில், கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. வாசலில் நின்றால் களப்பும் எதிரே மண்டைதீவும் தெரியும். மூன்று வயது முதல் ஐந்து வயதுவரை இருபத்திரண்டு பிள்ளைகள். பெரும்பாலானோரின் தகப்பன்மார் கடற்றொழில் செய்பவர்கள். தாய்மார் சிலர் நண்டு உடைக்கப் போவார்கள், சிலர் வலை பொத்துவார்கள்.

முதல்நாள் நடந்ததைச் சொன்னால் தலைப்பு விளங்கும். "வாற சனிக்கிழமை உப்பு மாச் செய்வம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த சனிக்கிழமை ஏழெட்டுப் பிள்ளைகள் கோப்பையும் கரண்டியுமாக வந்து வரிசையாக இருந்தார்கள். ஒரு பிள்ளை சம்பலும் கொண்டுவந்திருந்தாள். இப்படித்தான் எங்கள் கலைக்கல்வி தொடங்கியது. அன்றைக்கு முதலில் ரவை வாங்கி வந்து உண்மையான உப்புமாவைக் கிண்டிக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க முடிந்தது.

இந்த எண்ணம் எங்களுக்குச் சொந்தமானதல்ல. ஜேர்மனியில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சில வருடங்களுக்குமுன் கார்த்திகை மாதத்தில் ஒரு பொதி அனுப்பியிருந்தாள். சொக்லேற், வேதனைக்குப் பூசும் தைலம் எல்லாவற்றுக்கும் நடுவில், பஞ்சில் சுற்றி ஒரு நட்சத்திரம். அவளுடைய பேத்தி அங்குள்ள பாலர் வகுப்பில் செய்தது. கோதுமை மாவும் உப்பும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்து, உருவம் செய்து, காயவைத்து எடுப்பது. அதற்கு அந்த நாட்டில் சால்ஸ்டைக் என்று பெயர், உப்புமாக் களி என்று சொல்லலாம். நத்தார் மரத்தில் தொங்கவிட இப்படிச் செய்வது அங்கே பெருவழக்கம். நட்சத்திரத்தின் நடுவில் ஏதோ ஒரு மரத்தின் சிறு இலையை அழுத்தி எடுத்திருந்தாள். இலையின் நரம்பெல்லாம் அப்படியே பதிந்திருந்தது. கண்ணாடி அலுமாரியில் வைத்தோம்.

மார்கழி பிறந்தது. உங்களுக்குத் தெரியும் மாரியில் குருநகர் எப்படி இருக்கும் என்று. சுவரில் கைவைத்தால் கை நனையும். ஒருநாள் பார்த்தால் நட்சத்திரத்தின் கீழே சிறு குட்டையாகத் தண்ணீர். நட்சத்திரம் வேர்த்து, முனைகள் மெதுமெதுத்து, தைப்பொங்கலுக்குமுன் ஒரு கால் கழன்றுவிட்டது. தோழிக்குத் தொலைபேசியில் சொன்னோம். "உங்கை பத்து வருசம் கிடக்கும் எண்டு சொல்லித்தானே அனுப்பினனான்" என்று அவளுக்கு மனவருத்தம்.

ஏன் இப்படி நடந்தது என்பது எங்களில் விஞ்ஞானம் படிப்பித்தவருக்கு நன்றாகத் தெரியும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரையத் தொடங்கும். சுத்திகரிக்காத கட்டி உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருப்பதால் அது இன்னும் முன்னதாகவே வேர்த்துவிடும். மாரிகாலத்தில் உப்புப் போத்தலுக்குள் நாலு அரிசி போட்டுவைக்கும் எங்கள் அம்மாமாருக்குத் தெரிந்த விடயந்தான் இது. ஜேர்மனியில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கி வைப்பதால் உள்ளே காற்று வரண்டுவிடும். அங்கே பத்து வருடம் கிடப்பது இங்கே பத்து வாரமும் கிடக்காது.

அந்தக் கால் கழன்ற நட்சத்திரந்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது. இதைக் குருநகரில் செய்து நிலைக்க வைக்க முடியுமா என்று ஒரு பிடிவாதம் வந்தது.

முதல் முயற்சி படுதோல்வி. வீட்டிலிருந்து மாக் கொண்டுவந்தவர், எந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தலைவியும் செய்வதுபோல, புட்டுக்கு அவித்து அரித்து வைத்திருந்த மாவைக் கொண்டுவந்துவிட்டார். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சேரவில்லை. உருட்டினால் உதிர்ந்தது, தட்டினால் வெடித்தது. அவித்தால் மாவின் பசைத்தன்மை போய்விடும். அது போகவேண்டும் என்பதற்காகத்தானே புட்டுக்கு அவிக்கிறோம்! பச்சை மாதான் வேண்டும். ஒடியல் மாவிலும் செய்துபார்த்தோம். எங்கள் மண்ணின் மாவாயிற்றே என்று ஆசை. அதில் பசையே இல்லை, காய்ந்ததும் பாளம் பாளமாகப் பிளந்தது. அரிசி மாவுக்குக் கொதிநீர் விட்டுக் கொழுக்கட்டைக்குக் குழைப்பதுபோலக் குழைத்தால் ஓரளவு சரிவரும், ஆனால் சின்னக் கைகளுக்கு அது இறுக்கம்.

கட்டி உப்பை அப்படியே போட்டது இன்னொரு தவறு. குழைத்த மா சொரசொரவென்று, இலையை அழுத்தினால் நரம்புக்குப் பதிலாக உப்புப் பரல்தான் பதிந்தது. அதன்பின் உப்பை அம்மியில் அரைத்து, பால்மா அரிக்கும் வடியில் அரித்துப் போட்டோம். கடற்கரை மணல் மாதிரி ஒரு தளம் வேண்டுமென்றால் மட்டும் கட்டி உப்பை மேலே தூவினோம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம், பின்னர் வாசலில் வைத்து ஒவ்வொருவராகக் கேட்கவேண்டியதில்லை. பழைய ரின்பால் பேணியால் இரண்டு பேணி பச்சைக் கோதுமை மா, ஒரு பேணி தூள் உப்பு, முக்கால் பேணியிலிருந்து ஒரு பேணிவரை தண்ணீர். தண்ணீரை ஒரேயடியாக விடவேண்டாம். ரொட்டிக்குக் குழைப்பதைவிடச் சற்று இறுக்கமாக, கையில் ஒட்டாமல் வரும்வரை பத்து நிமிடம் குழைக்கவேண்டும். சோடாப் போத்தலால் உருட்டி, அரை விரல் தடிப்புக்கு மேல் போகாமல் தட்டவேண்டும். தடித்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்து பிறகு வெடிக்கும். அவ்வளவுதான்.

உப்பு ஏன் என்று ஒரு தாய் கேட்டார். அவரே கருவாடு போடுபவர். நாங்கள் வாய்திறக்குமுன் அவருடைய நாலு வயது மகன், "உப்புப் போட்டாத்தான் புழுக்காது" என்றான். உண்மை அதுதான். உப்பு மாவிலுள்ள நீரைக் கட்டிப் பிடித்துவிடும், பூஞ்சணமும் வண்டும் அண்டாது. மாவுக்குப் போடும் கருவாட்டு உப்பு என்று சொன்னால் குருநகரில் யாருக்கும் வேறு விளக்கம் தேவையில்லை. ஜேர்மனியில் இதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவார்களோ.

இனி எங்களுக்குப் பெரிய சோதனையாக வந்த விடயத்தைச் சொல்லவேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு அம்மம்மா பேத்தியைக் கூட்டிப்போக வந்தார். மேசையில் கிடந்த மாவைப் பார்த்தார். எங்களை ஒருதரம் பார்த்தார். "பிள்ளையள், சாப்பிடுற மாவை உப்பைக் கொட்டிப் பழுதாக்கிறியளே. தொண்ணூறுகளிலை ஒரு இறாத்தல் பாணுக்கு விடிய நாலு மணிக்கு வரிசையிலை நிண்டனான். உங்களுக்கு அது மறந்து போச்சுதோ?" என்றார். கோபமாகக்கூட இல்லை. களைத்த குரலில் சொன்னார்.

மறக்கவில்லை. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது எங்களில் மூவருக்கு இருபது வயது கடந்திருந்தது. ஜாம் போத்தலில் பஞ்சை வைத்து ஒரு துளி மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் படித்தவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு மழையில் இடம்பெயர்ந்து நடந்தபோது எங்களில் ஒருவர் தலையில் சுமந்தது உடுபுடைவை அல்ல, இரண்டு கிலோ மா. அந்த அம்மம்மா நின்ற அதே வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் எங்கள் கை கூசவில்லையே என்பதுதான் எங்களைச் சுட்டது.

அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. மாவை மூடிவைத்துவிட்டு வந்தோம். அடுத்த இரண்டு வாரம் களிமண் கொண்டுபோனோம். களிமண் நல்லதுதான், ஆனால் சூளையில் சுடாவிட்டால் தூளாகிவிடும். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனது எதுவும் ஞாயிற்றுக்கிழமை தாண்டவில்லை.

பிறகு நாங்களே அவர் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணீர் தந்தார். பேசிக்கொண்டிருந்ததில் வழியை அவரே சொன்னார். கடைகளிலும் பேக்கரியிலும் சாக்கு கிழிந்து நிலத்தில் கொட்டுப்பட்ட மா, பழசாகி வாசம் மாறிய மா, திகதி முடிந்த பைக்கற், இவை மிருகத் தீனிக்குப் போகும் அல்லது எறியப்படும். "அதை எடுங்கோவன். அது ஆற்றையும் வாயிலையிருந்து பறிக்கிறதில்லைத்தானே." அன்றிலிருந்து அதுதான் எங்கள் விதி. உண்ணக்கூடிய மாவில் நாங்கள் கைவைப்பதில்லை. அரித்து வெயிலில் காயவைத்து எடுப்போம். வண்டு விழுந்தது, பூஞ்சணம் பிடித்தது என்றால் அதையும் தொடுவதில்லை. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்து மாவின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது அந்த மாவும் கிடைக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் நாங்கள் மாவைத் தொடவேயில்லை. சிப்பி பொறுக்கினோம், மணலில் கீறினோம், கதை சொன்னோம். முன்பள்ளிக்கு நாங்கள் கொண்டுபோன மா பிள்ளைகளுக்கு ரொட்டியாகத்தான் போனது. அந்த வருடத்தைப்பற்றி எங்களுக்கு வருத்தமில்லை.

அந்த அம்மம்மாதான் பிறகு எங்களுடைய ஐந்தாவது ஆசிரியை. கொழுக்கட்டையின் விளிம்பைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிக் கிள்ளி மடிக்கும் அந்த வேலை இருக்கிறதே, அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். ஒரு வட்டத்தை எடுத்து ஓரத்தைக் கிள்ளினால் சிப்பி. நீட்டி இரண்டு பக்கமும் கிள்ளினால் மீன் செட்டை. பல்லுக்கொழுக்கட்டையில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்துகிற மாதிரி, மீனுக்கு மிளகைக் கண்ணாகக் குத்தினார். வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்கென்று எத்தனையோ அச்சுகள் விற்கிறார்கள். எங்கள் பெண்களின் விரல்களில் அது எப்போதோ இருந்தது. ஜேர்மனித் தோழிக்குப் படம் அனுப்பினோம். "இது என்ரை அம்மா செய்யிற மாதிரியல்லோ இருக்குது" என்று எழுதியிருந்தாள்.

இனிக் கடற்கரைக்கு வருகிறோம். நாங்கள் செய்விக்கும் எல்லாமே பிள்ளைகள் அன்று காலையில் கையில் எடுத்துப் பார்த்த ஒரு பொருளிலிருந்து வரவேண்டும் என்று வைத்திருக்கிறோம். எனவே முதல் ஒரு மணித்தியாலம் நடை. மட்டி, சங்கு, சோகி, பூவரசம் இலை, வேப்பிலைக் கொத்து, கரையில் ஒதுங்கிய கடற்பாசி, வலையில் கழித்துவிட்ட தக்கை. பூவரசம் இலையும் மட்டிச் சிப்பியும்தான் மாவில் மிக அழகாகப் பதியும். இலையின் முதுகுப்பக்கத்தை அழுத்தவேண்டும், நரம்பு அங்கேதான் எடுப்பாக இருக்கும்.

கண்டல் இலை ஒன்று எங்களுக்குப் பெரிய பாடம் நடத்தியது. கண்டலில் ஒரு வகை தன் இலை வழியாக உப்பை வெளியே தள்ளும், வெயில் நேரத்தில் இலையில் உப்புப் பூத்திருக்கும். ஒரு பிள்ளை நக்கிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இதுவும் உப்பு மா" என்றாள். அதன்பின் எல்லோரும் நக்கினார்கள். நாங்களும் நக்கினோம். ஐம்பது வருடம் அந்தக் கரையில் நடந்திருக்கிறோம், நக்கிப் பார்த்ததில்லை.

சிப்பிக்கு இன்னொரு கதை உண்டு. எங்கள் குருநகர்க் கோயில் புனித யாகப்பருக்கு உரியது என்பது உங்களுக்குத் தெரியும். யாகப்பரின் அடையாளம் சிப்பி. ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோ தே கொம்பொஸ்தெலா என்ற ஊரிலுள்ள அவருடைய கோயிலுக்கு நடந்துபோகும் யாத்திரிகர்கள் நூற்றாண்டுகளாகச் சிப்பியைத் தொப்பியிலும் பையிலும் குத்திக்கொண்டு போகிறார்கள். அவருடைய திருநாள் யூலை 25. அது சோளகம் வீசும் காலம், நல்ல வெயில், காற்றில் ஈரம் குறைவு. மாக் காய்வதற்கு வருடத்தில் அதைவிட நல்ல காலமில்லை. ஆகவே எங்கள் சிப்பி வேலை எப்போதும் யூலையில்தான். திருநாளுக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு சிப்பியைக் கழுத்தில் நூலில் கட்டிக்கொண்டு வருவார்கள். சைவப் பிள்ளைகளும் கட்டிக்கொள்வார்கள், சிப்பிக்குச் சமயம் தெரியாது.

மீன் விடயத்தில் நாங்கள் வாயைத் திறப்பதில்லை. ஒருமுறை ஓரா மீனுக்கு முள் வைக்காமல் மாதிரி செய்து காட்டினோம். "ரீச்சர், இது குத்தாத ஓராவோ?" என்று சிரிப்பு. நண்டைப் பற்றியும் இப்படித்தான். ஐந்து வயதுப் பெடியன் ஒருவன் நண்டைச் செய்து மல்லாக்காக வைத்திருந்தான். விழுந்துவிட்டதாக்கும் என்று நிமிர்த்தி வைத்தோம். அவன் திரும்பவும் மல்லாக்கினான். வயிற்றில் ஒரு அகலமான மடலைச் செய்து, அதற்குள் உப்புப் பரல்களை நெருக்கமாக ஒட்டியிருந்தான். ஆண் நண்டின் வயிற்று மடல் ஒடுக்கம், பெண் நண்டுக்கு அகலம், உப்புப் பரல் சினை. "இதைப் பிடிச்சா அப்பா திரும்பக் கடலுக்கை விட்டிடுவேர்" என்றான். முதுகைக் காட்டினால் அது வெறும் நண்டு. மல்லாக்கினால்தானே சினை நண்டு.

ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் பிழை எங்களுடையது. ஒரு பிள்ளை மூன்று கிழமை மாவைத் தொடவே மறுத்தான். பெஞ்சின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பான். நாங்கள் நால்வரும் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டோம். பிடிவாதம் என்றார் ஒருவர். வீட்டில் ஏதோ சரியில்லை என்றார் இன்னொருவர். நாலாவது கிழமை, எங்களில் ஒருவர் அவனுடைய கையைப் பிடித்து இழுத்து மாவுக்குள் வைத்துவிட்டார். வீரிட்டுக் கத்தினான். விரிந்த உள்ளங்கையைப் பார்த்தால் விரல் மடிப்புகளில் மெல்லிய கீறல்கள். தகப்பனுக்கு வலையில் நண்டு கழற்ற உதவுகிறவன், நைலோன் நூல் அறுத்த காயங்கள். முதல்நாளே உப்பு எரித்திருக்கிறது. சொல்ல வெட்கம், "ஆம்பிளைப் பிள்ளை எரியுது எண்டு சொல்லுறதே" என்று வீட்டில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எங்களில் ஒருவர் முப்பது வருடம் தாதியாக இருந்தவர் என்பதை ஆரம்பத்திலேயே சொன்னோம். அவரும் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை.

இப்போது மாவைத் தொடுமுன் எல்லோருடைய கையையும் விரித்துப் பார்க்கிறோம். காயம் இருந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை உருட்டுவதில்லை, ஈர்க்கால் கீறுவதும் சிப்பி அழுத்துவதும் அவன் வேலை. அந்தப் பெடியன் ஈர்க்கால் மீன் செதில் கீறுவதில் இன்றைக்கு எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன். ஆனாலும் எங்களில் ஒருவர் மாப் பாத்திரத்தோடு கிட்டப் போனால் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொள்ளுவான். அது எப்போது மாறுமோ தெரியாது.

இன்னொரு எச்சரிக்கையும் இதோடு. உப்பு மாவைத் தின்னக்கூடாது. சின்னப் பிள்ளை நக்கிவிட்டுத் துப்பும், அதனால் ஒன்றுமில்லை. ஒரு உருண்டையை விழுங்கிவிட்டால் உடம்பில் உப்பு ஏறி ஆபத்தாகும். நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம் இருக்கவேண்டும். நாய்க்கு இது இன்னும் கெடுதி, காயவைக்கும் இடத்தில் நாயை அண்டவிடக்கூடாது.

காயவைப்பது சுளகில். முதல்நாள் நிழலில், பிறகு வெயிலில், காலையும் மாலையும் திருப்பிப் போட்டு நாலு நாள். காகம் கொத்தாமலிருக்க மேலே பழைய வலைத்துண்டைப் போர்த்திவிடுவோம், அந்த ஊரில் வலைக்குப் பஞ்சமில்லை. மாரியில் செய்யவேண்டி வந்தால் பேக்கரிப் போறணைதான் தஞ்சம். விடியப் பாண் இறக்கியபின் போறணையின் சூடு மெல்லத் தணிந்துகொண்டு வரும், அந்தத் தணிந்த சூட்டில் மூன்று மணித்தியாலம். பொறுமையில்லாமல் சூடாக இருக்கும்போதே வைத்தால் பணிஸ் மாதிரிப் பொங்கிவிடும். ஒருமுறை பன்னிரண்டு நட்சத்திரமீன்கள் பன்னிரண்டு பணிஸாக வெளியே வந்தன. நன்றாகக் காய்ந்து ஆறியதும் இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசி, மாரி வருமுன் பிஸ்கற் ரின்னுக்குள் அரிசியோடு வைத்து மூடிவிடவேண்டும். இப்படி மூடிவைத்ததில் மூன்று மாரி கண்ட சிப்பிகள் எங்களிடம் இருக்கின்றன. ஜேர்மனி நட்சத்திரத்துக்கு நாங்கள் கொடுத்த பதில் அது.

நிறத்துக்கு மஞ்சள், பீற்றூட், செவ்வரத்தம் பூ, முருங்கையிலைச் சாறு எல்லாம் போட்டுப் பார்த்தோம். குழைக்கும்போது கண்ணைப் பறிக்கும். வெயிலில் பீற்றூட் மண்ணிறமாகும், முருங்கை சாம்பலாகும், மஞ்சள் வெளிறும். நின்று பிடித்தவை கோப்பித்தூளும் சிரட்டைக் கரியும் மட்டுமே. ஆகவே எங்கள் கடல் கறுப்பும் கபிலமுமான கடல். பிள்ளைகளுக்கு அதில் குறையில்லை, விடியப்புறக் கடல் அப்படித்தானே இருக்கும் என்கிறார்கள்.

மாவின் கதையைச் சொன்னோம், உப்பின் கதையையும் சொல்லவேண்டும். 2025 இல் நாடு முழுவதும் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். மழையால் உப்பளங்கள் பாழாகி, கடைகளில் உப்புப் பைக்கற் காணக்கிடைக்கவில்லை. சுற்றிவரக் கடலிருக்கும் தீவில் உப்பில்லை! அதே வருடந்தான் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறந்து, அந்த உப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது. பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் "ஆனை உப்பு" என்றிருப்பார்கள். அந்த மாதங்களில் எங்களுக்கு உப்புத் தந்தது கருவாட்டு வாடிகள். ஏற்கனவே மீனுக்குப் போட்டு எடுத்த உப்பு. நாங்கள் அதைக் கழுவிக் காயவைத்துத்தான் போட்டோம். ஆனால் அந்த யூலைச் சிப்பிகளை இன்றைக்கும் மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் சூடைக் கருவாட்டு வாசம் வரும். திருநாள் பூசையில் எங்கள் பிள்ளைகள் இருந்த வரிசையில் மற்றவர்கள் ஏன் இடம் மாறினார்கள் என்பதற்கு அதுதான் காரணம்.

"எழுதப் பழக்கமாட்டீங்களோ?" என்று சில பெற்றோர் கேட்பார்கள். புலமைப்பரிசில் பயம் இப்போது மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது. கிண்டர்காட்டன் என்ற பெயரை 1840 இல் உலகுக்குத் தந்த ஜேர்மனியர் புரோபல், சின்னப் பிள்ளைகளின் வேலைகளில் ஒன்றாகக் களிமண் உருவங்கள் செய்வதையும் வைத்திருந்தார் என்று நாங்கள் சொன்னால் ஒருவரும் மசியவில்லை. ஆனால் கொழுக்கட்டைக் கிள்ளு நன்றாக வந்த பிள்ளைக்குப் பென்சில் பிடிப்பும் நன்றாக வருகிறது என்று அந்த அம்மம்மா ஒரு தாய்க்குச் சொன்னார். அதன்பின் கேள்வி குறைந்துவிட்டது. அரிவரியில் எங்களுக்கு மணலில் விரலால் "அ" எழுதப் பழக்கிய ஆசிரியை இன்று எங்கள் முன்னால் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவர் தலையாட்டுகிறார், அது எங்களுக்குப் போதும்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பணம் அனுப்பக் கேட்கிறீர்கள், அச்சுகளும் மினுக்கத்தூளும் அனுப்பக் கேட்கிறீர்கள். நன்றி, வேண்டாம். உங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்கும் மரத்தின் இலை ஒன்றைப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவிட்டு அனுப்புங்கள். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் மேப்பிள் இலை அனுப்பியிருந்தார். பிள்ளைகள் அதைப் பப்பாசி இலையோடு வைத்துப் பார்த்தார்கள். "அந்த ஊர்ப் பப்பாசி ஏன் இவ்வளவு சின்னன்?" என்று ஒருத்தி கேட்டாள். அதன் பதிவைப் பூவரசம் இலைக்குப் பக்கத்தில் ஒரே தட்டில் எடுத்திருக்கிறோம். உங்கள் பேரப்பிள்ளைகளோடு நீங்களும் செய்யலாம். உங்களிடம் அவண் இருக்கிறது, 100 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம் போதும். செய்ததை எங்களுக்கு அனுப்புவதென்றால் தை மாதத்துக்குப் பிறகு அனுப்புங்கள், மாரியில் அனுப்பி இன்னொரு நட்சத்திரத்தை அழவைக்கவேண்டாம்.

பின்மண்டபத்தில் மூன்று மேசை போட்டிருக்கிறோம். மா இருக்கிறது, பேக்கரியில் கொட்டுப்பட்ட மாதான், பயப்படவேண்டாம். உப்பை இன்று விடிய அம்மியில் அரைத்தோம். ஒரு கடகம் நிறையப் பூவரசம் இலையும் மட்டியும் பிள்ளைகள் பொறுக்கித் தந்தவை. பதினொரு பிள்ளைகள் உங்களுக்குச் சொல்லித்தர வந்திருக்கிறார்கள், கையைக் காட்டச் சொன்னால் விரித்துக் காட்டுங்கள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, வளையல் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். நண்டு செய்ய விரும்புபவர்கள் முதலில் ஆணா பெண்ணா என்று முடிவெடுத்துக்கொள்ளவும், அங்கே ஒருவன் கேட்பான். சிப்பிகளை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள், எண்ணித்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்.